கிணத்துத் தண்ணி மழைக்கப்புறம் பழுப்பேறுது: சாயமா, ஜவ்வரிசி ஆலையா, சாக்கடையா?

கிணத்துமேடு
சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம், திருமணிமுத்தாத்துல இருந்து சுமார் 200 மீட்டர்ல 50 அடி திறந்த கிணறு. கோடையில டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) மீட்டர் 1,100 காட்டும், மழைக்கு அப்புறம் 1,700. இறைக்கும்போது தெளிவாத்தான் வருது. பக்கெட்டுல ஒரு மணி நேரம் நின்னா பழுப்பாகி அடியில படியுது. லேசா அழுகின முட்டை வாடை. லேப்ல என்னென்ன கேக்கணும்? ஆர்ஓ போட்டா போதுமா?

நீர்ச்சோதனை
மழையில உப்பு குறையணும், உங்களுக்கு ஏறுது. ஆத்துல மட்டம் உயர்ந்து தண்ணி கிணத்துப் பக்கம் ஊறுது, இல்லன்னா மேல் மண்ணுல தேங்கின உப்பை மழை கரைச்சு இறக்குது. எதுன்னு மீட்டர் சொல்லாது. அது மின்கடத்துத்திறனை அளந்து, ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுற கருவி. குரோமியமோ கிருமியோ அதுக்குத் தெரியாது. மின்கடத்துத்திறன் 1,413 மைக்ரோசீமென்ஸ்னு தெரிஞ்ச கரைசல்ல சரிபார்க்காத மீட்டரா இருந்தா அந்த 1,700-ஐயும் நம்ப முடியாது.

வாடையும் பழுப்பும்தான் நல்ல துப்பு. ஜவ்வரிசி ஆலையோட மாவுக்கழிவோ சாக்கடையோ நிலத்துல இறங்கினா, அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் காலி பண்ணிடும். அப்புறம் மண்ணுல இருக்கற இரும்பு கரையும், சல்பேட் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகும், அதான் அழுகின முட்டை வாடை. காத்து பட்டதும் இரும்பு துருவாப் படியுது, அதான் பக்கெட்டுல பாக்கறீங்க. மேல எண்ணெய் மாதிரி படலம் இருந்தா குச்சியால தொடுங்க. துண்டுதுண்டா உடைஞ்சா இரும்புப் பாக்டீரியா, திரும்ப ஒட்டிக்கிட்டா எண்ணெய்.

ஈ.கோலை (மலத்துல இருந்து வர்ற பாக்டீரியா), அம்மோனியா இருந்தா சாக்கடை. அது இல்லாம சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படற ஆக்சிஜன் அளவு), இரும்பு, மாங்கனீசு மட்டும் ஏறினா ஆலைக் கழிவைச் சந்தேகிக்கலாம். புளிச்ச ஆலைத் தண்ணி மண்ணுல இறங்கும்போதே அமிலம் தணிஞ்சிடும், அதனால பிஎச் சரியா இருக்குன்னு விட்டுடாதீங்க. சாயப்பட்டறைக் கழிவுன்னா சோடியமும் குளோரைடும் (சில பட்டறையில சல்பேட்டும்) ஏறும், கடினத்தன்மை அந்த அளவுக்கு ஏறாது. நிறத்தை மண் ஓரளவு பிடிச்சு வைக்கும், உப்பை விட்டுடும். தெளிவான தண்ணின்னா சாயம் கலக்கலைன்னு அர்த்தமில்ல.

மேச்சேரி_லேப்
மேலே சொன்னது சரி. ஒண்ணு சேர்க்கணும்: சேலத்துல வெள்ளைக்கல் (மாக்னசைட்) பூமிப் பக்கம் மெக்னீசியக் கடினத்தன்மை இயற்கையாவே உண்டு, அதைக் கழிவு தலையில போடாதீங்க.

சோதனைக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கறதுலதான் பாதிப் பேர் கெடுக்கறாங்க. மோட்டாரை 10 நிமிஷம் ஓட்டுங்க. பொதுச் சோதனைக்கு 2 லிட்டர் கேன், அதே தண்ணில 3 தடவை அலசி, காத்து இல்லாம விளிம்பு வரை. கிருமிச் சோதனைக்கு லேப் தர்ற கிருமிநீக்கின பாட்டிலை அலசக் கூடாது, மேல கொஞ்சம் இடமும் விடணும். ஐஸ்ல வெச்சு 6 மணி நேரத்துக்குள்ள கொடுங்க. அதுக்கு முன்னாடி பிளீச்சிங் பவுடர் போட்டா ஈ.கோலை பூஜ்யம்னு பொய்யா வரும். இரும்புக்குத் தனி பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டது. விடலைன்னா இரும்பு வழியிலேயே படிஞ்சு ரிசல்ட் குறையும். மரவள்ளிக் கழிவு (ஜவ்வரிசி ஆலைக் கழிவு) சந்தேகம்னா சயனைடைத் தனியாக் கேளுங்க, வழக்கமான பட்டியல்ல அது வராது.

ஐஎஸ் 10500 (குடிநீருக்கான இந்தியத் தரநிலை) படி அதிகபட்சம் நைட்ரேட் 45, ஃபுளோரைடு 1.0 (வேற வழியில்லன்னா 1.5) மி.கி/லி. 100 மி.லி.யில ஈ.கோலை இருக்கவே கூடாது. கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் இன்னும் செறிவாகும்.

கிணத்துமேடு
புரிஞ்சுது. ரிசல்ட்டை வெச்சு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல புகார் தரலாமா?

நீர்ச்சோதனை
தரலாம், ஆனா நீங்க எடுத்த சாம்பிள் வெறும் துப்புதான். ஆலை மேல போடற வழக்குல செல்லுபடியாகணும்னா 1974 நீர்ச் சட்டம் பிரிவு 21 சொல்ற முறையில, உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்து அதிகாரியே எடுத்து சீல் வெச்ச சாம்பிள் வேணும். அதனால கழிவு விடுற இடத்துக்கு மேலயும் கீழயும் ஒரே நாள்ல எடுத்த ஆத்துத் தண்ணியோட சோதனை முடிவு, தேதி, நேரம், எந்த இடம் எல்லாம் எழுதிக் கொடுங்க. எங்க வந்து எடுக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

ஆர்ஓவை இப்போ வாங்காதீங்க. இரும்பு மெம்பிரேனை (ஆர்ஓவோட வடிகட்டிச் சவ்வை) அடைச்சிடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதைத் தாண்டியே வரும். முதல்ல தொட்டியில தண்ணியைத் தூவி விழ விட்டு, மணல் வடிகட்டி போட்டு, திரும்ப இரும்பைப் பாருங்க. ரிசல்ட் வரும்வரை இந்தத் தண்ணி குடிக்க வேண்டாம்.