நிறநீக்கமா, சாயமுறிப்பா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சாயக்கழிவு நீரை ஒளி வினையூக்கியால் சுத்திகரிப்பது பற்றித் திருப்பூர்த் தம்பி அனுப்பிய கட்டுரை வரைவில் வெவ்வேறான மூன்று நிகழ்வுகளுக்கும் ‘நிறநீக்கம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதியியல் அங்கே இடறுகிறது.

மெத்திலீன் நீலத்தைக் காரமும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் விட்டு வையுங்கள். சற்று நேரத்தில் நீலம் மறைந்துவிடும். புட்டியைக் குலுக்கினால் ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்ப வந்துவிடும். நிறம் நீங்கியது உண்மை. சாயம் எங்கும் போகவில்லை.

ஒளி வினையூக்கியான டைட்டானியம் டைஆக்சைடு தூளைச் சாயநீரில் போட்டு இருட்டில் கலக்கினாலும் நீர் சற்று வெளிறும். சாயம் தூளின் மேல் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைக் கழித்துக்கொள்ளத்தான் விளக்கைப் போடுமுன் இருட்டில் கலக்கி வைக்கிறோம். அது பரப்புக்கவர்ச்சி. புற ஊதா ஒளி பட்டு, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும் வினைவேகம் மிக்க துகள்கள் பிறந்து, சாய மூலக்கூறை உடைக்கும்போதுதான் வினையூக்கியின் உண்மையான வேலை தொடங்குகிறது. அப்போதும் முடிந்துவிடவில்லை. அசோ சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். துண்டுகள் நீரிலேயே கிடக்கும். அந்தப் பிணைப்பு ஒடுக்கத்தால் அறுந்தால் அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. மெத்திலீன் நீலம் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் 664 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைந்ததை மட்டும் பார்த்துவிட்டு ‘சாயத்தை ஒழித்தோம்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீரில் எஞ்சிய கரிமப் பொருள் எவ்வளவு என்று காட்டும் மொத்தக் கரிமக் கார்பனை அளக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

எங்கள் அப்பத்தா கண்டாங்கிச் சேலையை அலசும்போது சாயம் ‘இறங்கியது’ என்பார். அது வாளிக்கு வந்துவிட்டது என்று பொருள். கொடியில் கிடந்து நிறம் மங்கினால் ‘வெளுத்தது’ என்பார். ஒன்றை மற்றதற்கு ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. கலங்கிய ஊருணித் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றினால் தண்ணீர் ‘தேறியது’. கலங்கலாக இருந்த மண், பானையின் அடியில் படிந்து கிடக்கும். (படிகாரம் இட்டுக் கசடைத் திரட்டுவதற்கும் ‘தேற்றல்’ பொருந்தும் என்று தோன்றுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.)

‘சாயவெளுப்பு’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். துணி வெளுப்பது குறுக்கே வருகிறது. ஆகவே மூலக்கூறை உடைப்பதற்குச் ‘சாயமுறிப்பு’ என்று முன்மொழிகிறேன். நஞ்சுமுறிப்பு நமக்குப் பழகிய சொல். ‘சிதைவு’ பாடநூலில் இருக்கிறதே என்பீர்கள். அது கதிரியக்கச் சிதைவைப் போலத் தானாக நடப்பது. இது நாம் செய்வது. கார்பன் டைஆக்சைடு, நீர், உப்பு அயனிகள் என்று போய் முடிவதைக் ‘கனிமமாக்கல்’ என்கிறார்கள். கேட்டால் சுரங்கம் நினைவுக்கு வருகிறது. ‘முழுமுறிவு’ போதும்.

காரைக்குடியிலிருந்து

மறுமொழி:

அண்ணன், ‘முழுமுறிவு’ பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ‘சாயமுறிப்பு’ பற்றி ஒரு தயக்கம். நஞ்சுமுறிப்பை நினைத்துக்கொண்டு படிப்பவர், முறித்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எண்ணிவிட மாட்டாரா? பாதியில் நின்றால் ஆபத்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, எங்கள் திருப்பூரில் சாயத்தைவிடப் பெரிய தலைவலி, சாயமேற்றும்போது சேர்க்கும் உப்பு. 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அங்கே உப்பைச் சவ்வு வைத்துப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வினையூக்கியும் அதை முறிக்காது.

மறுமொழி:

தம்பி சொல்வது சரி. ‘சாயமுறிப்பு’ என்ற என் சொல் இருக்கட்டும், நஞ்சுமுறிப்பு உவமையைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். முதல் முறை வரும் இடத்தில் ‘மூலக்கூறு முறிதல், நச்சு நீங்கியதாகக் கொள்ளக் கூடாது’ என்று அடைப்பில் போட்டுவிடுங்கள். பக்கம் மூன்றில் மட்டும் ‘நிறநீக்கம்’ அப்படியே நிற்கலாம், அங்கே பேச்சு நிறத்தைப் பற்றித்தான்.