சோரின் பயிற்சிகள்: செகோவியா பதிப்பா, பழைய பாரிஸ் அச்சா?

நல்லூர் மாணவன்:

வணக்கம். கிளாசிக்கல் கிற்றார் வாசிக்கிற ஆட்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் இதைக் கேட்கிறேன். 19ஆம் நூற்றாண்டு ஸ்பானிய கிற்றார் இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோரின் பயிற்சிகள் என்று யாழ்ப்பாணத்தில் எங்களுக்குள் கைமாறுவதெல்லாம், 20ஆம் நூற்றாண்டு ஸ்பானிய கிற்றார் கலைஞர் செகோவியா தொகுத்த 20 பயிற்சிகளின் போட்டோக் கொப்பிதான். ஸ்டாக்ஹோமில் இருக்கிற போயே சேகரிப்பைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார், 19ஆம் நூற்றாண்டுக் கிற்றார் அச்சுகளை அப்படியே ஸ்கேன் பண்ணி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் சோரின் பழைய அச்சுகளை எடுத்து என் கொப்பியோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். விரல் எண்கள் வேறாக இருப்பது விளங்குகிறது, ஆனால் சில பயிற்சிகளில் சுரங்களே வேறாக இருக்கின்றன, கொப்பியில் எந்தக் குறிப்பும் இல்லை. பயிற்சிகளின் வரிசை எண்களும் ஒத்துவரவில்லை. எதை வைத்துப் படிப்பது? ஏன் இப்படி மாற்றினார்கள்?

சுண்டுக்குளி ரீச்சர்:

தம்பி, முதலில் அந்த எண் சிக்கலைத் தீர்த்துவிடுவோம், மற்றது அப்புறம். சோர் 'இருபது பயிற்சிகள்' என்று ஒரு புத்தகம் எழுதவே இல்லை. அவருடைய பயிற்சிகள் ஓபஸ் (படைப்பு எண்) 6, 29, 31, 35 என்று வெவ்வேறு காலத்தில் வந்தவை. செகோவியா 1945இல் அவற்றிலிருந்து தனக்குப் பிடித்த இருபதை எடுத்துத் தன் வரிசையில் அடுக்கினார். எல்லோரும் வாசிக்கிற பி மைனர் பயிற்சி செகோவியாவிடம் 5, சோரிடம் ஓபஸ் 35இல் 22. முதலாவது பயிற்சி ஓபஸ் 6இல் 8. உங்கள் கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஓபஸ் எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள், பிறகு தேடுவது சுகம்.

இன்னொரு ஆளையும் மறக்கக்கூடாது, நெப்போலியன் கோஸ்ட். சோரிடம் படித்தவர். சோர் 1839இல் இறந்த பிறகு அவருடைய கிற்றார் பாடநூலைத் திருத்தி விரித்து, 26 பயிற்சிகளையும் சேர்த்து வெளியிட்டார். அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செகோவியாவுடையது என்று நாங்கள் நினைக்கிற மாற்றங்கள் சில அங்கேயே கண்ணில் படும்.

மானிப்பாய்ச் சுவடி:

நான் மேலைத்தேய சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை, தமிழ்ப் பதிப்பு வரலாற்றில்தான் ஈடுபாடு, கிற்றார் மாலையில் மட்டும். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்ற எத்தனை ஏடுகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது! மூல ஆசிரியர் கைபட எழுதியது ஒன்றும் கிடையாது, பிரதிக்குப் பிரதி பாடபேதம். சோர் விடயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. ஓபஸ் 31, 35 இரண்டும் 1828இல், அவர் பாரிசில் உயிரோடு இருக்கும்போதே அச்சானவை. அப்படி ஓர் அச்சு இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு 1945இல் வந்ததை மூலம் என்று எடுப்பதற்கு நான் ஒரு நியாயத்தையும் காணவில்லை. பழைய அச்சிலும் அச்சுத் தகட்டைச் செதுக்கியவர் விட்ட பிழைகள் இருக்கலாம், அது வேறு. பிழை என்று தோன்றினால் அதே ஓபஸின் இன்னொரு அச்சைப் பார்க்கலாம், கோப்பன்ஹேகன் அரச நூலகத்தின் ரிஷெல், பிர்கெற் ஸ்மித் சேகரிப்பும் இணையத்தில் இருக்கிறது. பிரையன் ஜெஃப்ரி 1977இல் சோரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் ஆராய்ந்து புத்தகம் போட்டார், பழைய அச்சுகளின் நகற்பதிப்பும் அவர் கொண்டுவந்ததுதான். அதற்குப் பிறகு 'மூலம் கிடைக்கவில்லை' என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பதிப்பாசிரியர் மாற்றலாம். மாற்றியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. செகோவியா இதில் கவனமாக இருந்தவர் அல்லர். மெக்சிகோ இசையமைப்பாளர் மனுவேல் போன்சே பழைய பாணியில் எழுதிக் கொடுத்த ஏ மைனர் 'சூட்' (suite) என்ற நடன இசைத் தொகுதியை, பாஹ் காலத்து லூட் (கிற்றார் போன்ற பழைய தந்தி வாத்தியம்) கலைஞர் வைஸின் படைப்பு என்று சொல்லித்தான் மேடையில் வாசித்தார். கனபேர் அதை நம்பினார்கள். இசை மிக நல்ல இசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அதைக் கேட்டு வைஸ் இப்படித்தான் எழுதினார் என்று படித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பருத்தித்துறையான்:

சுவடி அண்ணா சொல்வது சரி, ஆனால் செகோவியாவை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் விடமாட்டேன். சோர் பயிற்சிகளை உலகம் முழுக்க மாணவர்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மெல்லிய புத்தகம்தான். அதோடு விரலமைப்பு என்பது வாத்தியத்தைப் பொறுத்தது. சோர் வாசித்தது சின்ன உடம்புள்ள கிற்றார், விலங்குக் குடல் நரம்புத் தந்தி. இன்று நாங்கள் பிடிக்கிற பெரிய வடிவம் ஸ்பெயினில் தோரெஸ் செய்த வாத்தியங்களிலிருந்து வந்தது, அவர் வேலை தொடங்கும்போது சோர் உயிரோடு இல்லை. நைலோன் தந்தி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. சோர் நகத்தால் மீட்டுவதை விரும்பாதவர், 1830இல் வந்த தன் பாடநூலில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார், நகத்தால் வாசித்த அவருடைய நண்பர் அகுவாதோவுக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்கு அர்ப்பணித்துத்தான் 'இரண்டு நண்பர்கள்' என்ற ஓபஸ் 41ஐ, இரண்டு கிற்றார்கள் சேர்ந்து வாசிக்கிற இசையாக, எழுதினார். வலக்கை மோதிர விரலையும் சோர் அரிதாகத்தான் பயன்படுத்தினார், பெருவிரல், சுட்டு விரல், நடு விரல் மூன்றும்தான் வேலை செய்யும். செகோவியா நகத்தோடு, பெரிய மண்டபங்களில், ஒரே சுரத்தை வேறு தந்தியில் எடுத்து நிறம் மாற்றி வாசித்தவர். அவருடைய எண்கள் அந்த வாசிப்புக்கு உரியவை.

என் வழி இதுதான்: சுரங்களும் நீளங்களும் பழைய அச்சிலிருந்து, விரல்கள் முதலில் சோரின் பாடநூல் சொல்கிறபடி. கை ஒத்துவராத இடத்தில் செகோவியாவைப் பார்ப்பேன். பி மைனர் பயிற்சிக்குச் சோர் போட்ட வேகக் குறி அலெக்ரெட்டோ, அதையும் கவனியுங்கள். இங்கே எல்லோரும் அதை இழுத்து இழுத்து ஒப்பாரி ஆக்கிவிடுகிறார்கள், கொஞ்சம் நடக்க விட்டால் கீழ்க்குரல் எவ்வளவு அழகாகக் கேட்கிறது தெரியுமா!

நல்லூர் மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. ஓபஸ் எண்களை எழுதத் தொடங்கிவிட்டேன். ரீச்சர், சோதனைக்குப் போகிறவர்கள் எந்தப் பதிப்பை வாசிக்க வேண்டும்?

சுண்டுக்குளி ரீச்சர்:

பாடத்திட்டத்தில் பதிப்பின் பெயர் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பெயர் இல்லாமல் ஓபஸ் எண் மட்டும் இருந்தால் பழைய அச்சை ஒட்டிய பதிப்பொன்றை எடுங்கள். இன்னொன்று, பிரேசில் இசையமைப்பாளர் வில்லா லோபோஸின் பன்னிரண்டு எத்யூட்டுகளுக்கும் (கிற்றார் பயிற்சிகளுக்கும்) இதே கதை உண்டு. 1953இல் அச்சான பதிப்புக்கும் 1928ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிக்கும் நிறைய வேறுபாடு. அதைத் தொடும்போது தனியாக ஒரு கேள்வி போடுங்கள், சுவடி அண்ணாவுக்கு எழுத நிறைய இருக்கும்.