காட்டோரத்தில் கிடைத்த எச்சங்களில் ஒரு கை இல்லை: வெட்டப்பட்டதா, விலங்கு இழுத்ததா?

மாங்குளத்தான்:
வணக்கம். காணாமற்போயிருந்த ஒருவரின் எச்சங்கள், விறகுக்குப் போனவர்களின் கண்ணில் பட்டன. மண்டையோடு ஓரிடத்திலும் விலா எலும்புகள் வேறிடத்திலும் கிடந்தன. வலது கையைக் காணவில்லை. வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊர் பேசுகிறது. சட்ட வைத்திய அதிகாரியோ விலங்குகளாக இருக்கலாம் என்கிறார். எலும்பைப் பார்த்து இதை உறுதிசெய்ய முடியுமா?

வவுனியா வைத்தியர்:
பெரும்பாலும் முடியும். தோள்பட்டை எலும்பை உடலோடு பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் தசைகளே என்பதால், நரியோ கட்டாக்காலி நாயோ கையை முழுதாக இழுத்துச் செல்வது எளிது. வில்லியம் ஹாக்லண்டும் உடனாய்வாளர்களும் 1989 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மார்புக்கூடும் கைகளும் முன்னதாகவும் கால்கள் அதன் பின்னரும் பிரிவதாகக் கண்டார்கள். அது நாயையும் கயோட்டியையும் (ஓநாயைப் போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) பற்றிய ஆய்வு. நம் காட்டில் பன்றியும் உடும்பும் சேர்ந்துகொள்வதால் அந்த வரிசையை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது.

நீண்ட எலும்பின் முனையைப் பாருங்கள். நாயும் நரியும் கடித்த முனை ஒழுங்கற்று மென்று சிதைக்கப்பட்டு, பல் பதிந்த குழிகளோடும் இழுத்த கோடுகளோடும் இருக்கும். கத்தி ஒடுங்கிய, நேரான கீறலை விடும். எலியும் முள்ளம்பன்றியும் காய்ந்த எலும்பில் உளியால் சீவியதுபோல அடுத்தடுத்த பள்ளங்களை இடும். தசை மீந்திருந்தால், இறந்தபின் ஏற்பட்ட காயத்தில் உயிருள்ள உடலுக்குரிய இரத்தக் கசிவு காணப்படாது.

ஆனால் பல் தடம் இருப்பதால் கொலை இல்லை என்று ஆகிவிடாது. விலங்குகள் திறந்த காயத்தை நாடுவதால், முதலில் அழிவது காயமே. கழுத்தைத் தின்றுவிட்டால் நெரித்ததற்கான தடயமும், நெரித்தால் உடையக்கூடிய நாவடி எலும்பும் (நாக்கின் அடியில் கழுத்தில் உள்ள சிறு எலும்பு) போய்விடும். தசை விரைவில் நீங்குவதால், சில வாரங்களுக்கு முன் இறந்தவர் பல மாதங்களுக்கு முன் இறந்தவராகவும் தோன்றலாம்.

முள்ளியவளை வாசகி:
ஆஸ்திரேலியாவில் 1980 இல் மறைந்த குழந்தை அசாரியாவின் வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிங்கோ நாய் தூக்கிச் சென்றதாகக் கூறிய தாய்க்கு 1982 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1986 இல் குழந்தையின் மேற்சட்டை டிங்கோக்கள் திரியும் இடமருகே கிடைத்த பின்பே அவர் விடுதலையானார். டிங்கோவே காரணமென்று மரண விசாரணை முடிவானது 2012 இல். ஆகவே ஊர்ப்பேச்சைக் கேட்டு யாரையும் குற்றவாளியாக்கிவிடாதீர்கள்.

மாங்குளத்தான்:
நன்றி. கையைத் தேடுவதற்கு இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், போகலாமா?

வவுனியா வைத்தியர்:
பொலிஸார் இல்லாமல் போக வேண்டாம். நல்ல மனத்தோடு எலும்புகளை உரப்பையில் பொறுக்கி வருபவர்கள், அவை கிடந்த தூரத்தையும் திசையையும் அழித்துவிடுகிறார்கள். உடல் முதலில் கிடந்த இடத்தில் மண் கறுத்து, தலைமுடியும் ஈப்புழுக்களின் கூடுகளும் எஞ்சியிருக்கும். அங்கிருந்து விலங்குத் தடங்களையும் பற்றை நிழலையும் முள்ளம்பன்றி வளைகளையும் நோக்கித் தேடல் விரிய வேண்டும். விலங்கின் மலத்தில்கூட எலும்புத்துண்டும் துணியும் கிடைப்பதுண்டு. கண்ணிவெடி அகற்றி முடிக்காத காணி அருகில் இருந்தால், அதை முதலில் பொலிஸாரிடம் சொல்லுங்கள்.