ஸ்கிரம் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு: யாரிடம் எதைச் சொல்வது?

வெளிநாட்டில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பலருக்கு முதல் வாரத்தில் எழும் குழப்பம், "எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்பதாகும். நானும் அதில் தடுமாறியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்கிரம் என்பது ஒரு சிறு குழு தன் வேலையைக் குறுகிய காலக்கூறுகளாகப் பிரித்து, தானே திட்டமிட்டுச் செய்யும் முறை. ஸ்கிரம் குழுவுக்குள் மேலாளர் என்றொரு பொறுப்பே கிடையாது. 2020-இல் திருத்தப்பட்ட ஸ்கிரம் வழிகாட்டி மூன்று பொறுப்புகளை மட்டுமே வகுக்கிறது. எந்த வேலை முதலில் வரவேண்டும் என்று பேக்லாக்கை, அதாவது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலை, வரிசைப்படுத்துபவர் ப்ராடக்ட் ஓனர். அதை எப்படிச் செய்வது, ஒரு ஸ்பிரிண்ட்டில் (அந்தக் குறுகிய காலக்கூறு ஒன்றில்) எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்பவர்கள் டெவலப்பர்கள், அதாவது டெஸ்டிங் செய்பவர்களும் சேர்த்து. ஸ்கிரம் மாஸ்டர் என்ற பெயரைக் கேட்டு அவரை அதிகாரி என்று எண்ணிவிடாதீர்கள். குழுவின் வழியில் நிற்கும் தடைகள் விலகுவதற்குப் பொறுப்பேற்பவர் அவர். உங்கள் விடுப்பையும் சம்பள உயர்வையும் பார்க்கும் மேலாளர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். ஆகவே யாராவது ஒதுக்கித் தருவார்கள் என்று காத்திராமல், குழுவின் வேலைகளைக் காட்டும் போர்டில் மேலே இருக்கும் டிக்கெட்டை (ஒரு தனி வேலைக்கான பதிவை) நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அப்படி எடுத்த முதல் டிக்கெட்டுக்குச் சோதனைத் தரவுத்தளத்தின் அனுமதி தேவைப்பட்டது. கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், பதில் வரவில்லை. அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் ஒருவர்மீது புகார் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கி, குழு தினமும் கூடும் ஸ்டாண்ட்அப் என்ற சிறு கூட்டத்தில் மூன்று நாளும் "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்றே சொன்னேன். நான்காம் நாள், டெஸ்டிங் செய்பவர் என் டிக்கெட்டுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்கிரம் மாஸ்டர் ஒரு தொலைபேசி அழைப்பில் மதியத்துக்குள் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார். யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் இரண்டு வார ஸ்பிரிண்ட்டின் பத்து வேலை நாட்களில் மூன்றை நான் வாய் திறக்காமல் கழித்தேன், அதில் இன்னொருவருடைய நேரமும் போயிற்று என்பது இன்றும் உறுத்துகிறது.

ஸ்டாண்ட்அப்பின் அந்தப் பதினைந்து நிமிடம் மேலிடத்துக்கு அறிக்கை தரும் நேரமன்று. ஸ்பிரிண்ட்டின் இலக்கை எட்ட முடியுமா என்று குழுவினர் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் நேரம். எனவே, "அனுமதி இல்லாமல் நிற்கிறேன், பகலுக்குள் வராவிட்டால் அடுத்த டிக்கெட்டை எடுப்பேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது குறையாகக் கொள்ளப்படாது.

திட்டமிடும் கூட்டத்திலும் இதே நேர்மை வேண்டும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது நமக்குப் பழகிய வழக்கம். முடியாது என்று தெரிந்தே ஒப்புக்கொண்டால் மொத்தக் குழுவின் கணக்கும் பிசகிவிடும். ஸ்கிரம் வழிகாட்டியின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே, ஸ்பிரிண்ட்டுக்கு எடுத்துக்கொள்ளும் வேலையை உறுதிமொழி என்று சொல்வதைக் கைவிட்டு, முன்கணிப்பு என்று மாற்றிவிட்டார்கள். கணிப்பு தவறலாம், தவறப்போவது தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. ஸ்பிரிண்ட் நடுவில் வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவர், "சின்ன மாற்றம்தான்" என்று உங்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவார். அவர் வயதிலும் பதவியிலும் மூத்தவராகவே இருந்தாலும் உடனே செய்து கொடுத்துவிடாதீர்கள். "ப்ராடக்ட் ஓனரிடம் சொல்லிவிடுங்கள், பேக்லாக்கில் எங்கே வைப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார்" என்று பணிவாகப் பதில் எழுதி, அந்தச் செய்தியிலேயே ப்ராடக்ட் ஓனரையும் சேர்த்துவிடுங்கள்.