41 வயதில் எல்.எல்.பி. படிக்கலாமா?

கரூர்_பிகாம்:
பி.காம். முடித்ததும் சட்டம் படிக்க ஆசை. வீட்டுக்கு உடனே சம்பளம் தேவைப்பட்டதால் கணக்கர் வேலைக்குப் போய்விட்டேன். அன்று படித்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் விடவில்லை. இப்போது சேர வயது தடையா? வேலையை விடாமல் படிக்க முடியுமா? குடும்பச் செலவு மாதம் 30,000.

மாவட்டக்கோர்ட்:
தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வயது வரம்பு இல்லை. நுழைவுத் தேர்வும் கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுவார்கள். பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45%, பட்டியல் இனத்தவருக்கு 40% வேண்டும்.

இடிக்கும் இடம் வருகைப்பதிவு. வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70% வருகை வேண்டும், வகுப்புகளோ பகலில். அஞ்சல்வழி எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. "கல்லூரிக்கே வர வேண்டாம், தேர்வு மட்டும் எழுதுங்கள்" என்று வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். பதிவின்போது சான்றிதழைச் சரிபார்க்கிறார்கள். அதே மூன்று வருடத்துக்கு உங்கள் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் விழுந்திருந்தால், வகுப்பில் இருந்தேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆகவே வேலையை விடாமல் என்பது நடக்காது.

வாய்தா_நாள்:
பட்டத்தோடு செலவு முடியாது. பதிவுக் கட்டணம் பெரிதல்ல: 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய்தான். பிறகு வக்கீல் தொழில் செய்வதற்கான அகில இந்திய பார் தேர்வு, 100 கேள்வி, பொதுப்பிரிவுக்கு 45% எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக்கூடாது. மூத்த வக்கீலிடம் தொழில் பழகும் ஜூனியர்களுக்கு நகரத்தைப் பொறுத்து மாதம் 15,000 முதல் 20,000 தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வருவதில்லை. படிப்பு மூன்று, ஜூனியர் இரண்டு என்று ஐந்து வருடம் வைத்தால், நீங்கள் சொன்ன மாதச் செலவுப்படி 18 லட்சம் வேண்டும். அது தனியாக இருந்தாலோ, வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தாலோ இறங்கலாம். வீட்டை அடமானம் வைத்து வேண்டாம்.

வரிமேசை:
உங்களுக்கு வேண்டியது கோர்ட்டா, சட்டமா? இதை முதலில் பிரித்துப் பாருங்கள். சட்டம்தான் என்றால் பி.காம். போதும், ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது வணிகர்களுக்காக ஜிஎஸ்டி வேலைகளைப் பார்ப்பவராக, பதியலாம். பதிந்த இரண்டு வருடத்துக்குள் நாசின் (மத்திய அரசின் மறைமுக வரிப் பயிற்சி நிறுவனம்) நடத்தும் தேர்வில் 50% எடுக்க வேண்டும். வரி அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி, தீர்ப்பாயம் வரை கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் வக்கீல் வேண்டும். இத்தனை வருடக் கணக்கு அனுபவம் இங்கே நேரடியாகக் காசாகும்.

கோர்ட்தான் என்றால், ஒரு வாரம் விடுப்பு எடுத்து முன்சீப் கோர்ட்டில் காலை பத்தரைக்குப் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் பார்க்கலாம். பாதி வழக்கு வாய்தாவில் போகும், சாட்சி வரமாட்டார், வக்கீல் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருப்பார். வெள்ளிக்கிழமையும் அந்த இடம் பிடித்திருந்தால், அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு விண்ணப்பியுங்கள்.