ஆயாவோட சாமிக் கும்பிடை எடுத்து வைக்கறது: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கறது எழுதினவரோட புனைபேரும் ஊரும்)

ஆடிக்கூழ், அம்மாபேட்டை

ஆயா (பாட்டி) சாமி கும்பிடற விதத்தையும் பாட்டையும் பேச்சையும் பதிவு பண்ணி வைக்கணும்னா, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிடுங்க. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிட்டா வீடு நிறைய ஆளு, தெருவெல்லாம் மைக்செட். ஆயாகிட்ட நிதானமாப் பேச ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

உட்கார வெச்சு "உங்க பக்தியைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா, "என்னத்தச் சொல்றது, கும்புட்டோம், காப்பாத்துனா"ன்னு முடிச்சிடுவாங்க. கையில வேலை இருக்கும்போதுதான் பேச்சு வரும். மாவிளக்கு பிடிக்கச் சொல்லிட்டுப் பக்கத்துல உட்காருங்க.

அளவு கேட்டா "ஒரு கை, கொஞ்சம்"னுதான் பதில் வரும். கிண்ணத்துல கொட்டிக் காட்டச் சொல்லாதீங்க. காட்டறதுக்காக எடுக்கற கை வேற அளவு எடுக்கும். அரிசி டப்பா, வெல்ல டப்பா ரெண்டையும் முதல்ல எடை போட்டுடுங்க. அவங்க பாட்டுக்கு எடுத்து முடிச்சதும் மறுபடி எடை போடுங்க. குறைஞ்சது எவ்வளவோ அதுதான் அவங்க அளவு. மூணு தடவை பார்த்தா 20, 30 கிராம் முன்ன பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

பொதுவா அரைக் கிலோ பச்சரிசிக்கு 300 கிராம் வெல்லம் பிடிக்கும். அரிசி ரெண்டு மணி நேரம் ஊறி, வடிஞ்சு, வேட்டித் துணியில நிழல்ல காயணும். எவ்வளவு நேரம்னு எழுதாதீங்க, ஆடிக் காத்துல ஒரு கணக்கு, ஐப்பசி ஈரத்துல ஒரு கணக்கு. உள்ளங்கையில அமுக்கினா ஒட்டணும், உதறினா உதிரணும். அந்தப் பதத்துல இடிக்கணும். வெல்லம் சேர்ந்ததும் மாவு தானா இளகும், தண்ணி தெளிக்கவே கூடாது. அரிசி ஈரமா இருந்தா விளக்கு உட்கார்ந்துடும். அதிகமாக் காய்ஞ்சிருந்தா கட்டைவிரலால குழி அமுக்கும்போதே விளிம்பு வெடிச்சு, திரி எரியறப்ப நெய் ஒழுகும். ஆயா அந்த வெடிப்பை நெய் தொட்ட விரலால தடவி மூடுவாங்க பாருங்க, அதை வீடியோ எடுத்தே ஆகணும். எழுத்துல வராது.

டேப்புக்காரன், செவ்வாய்ப்பேட்டை

மேல சொன்னது சரி, ஆனா போனைத் தரையில வைக்காதீங்க. உலக்கை விழற ஒவ்வொரு தடவையும் 'தொம்'முனு பதிஞ்சு பேச்சை அமுக்கிடும். துண்டை நாலா மடிச்சு ஒரு முக்காலி மேல போட்டு, வாயிலிருந்து ஒரு முழ தூரத்துல வையுங்க. ஃபேன், மிக்சி, டிவி எல்லாம் நிக்கணும். ஏரோபிளேன் மோடு கட்டாயம். நடுவுல போன் வந்தா சில செட்டுகள்ல பதிவு அங்கேயே நின்னுடும், கவனிக்காம ஒரு மணி நேரம் சும்மா பேசிக்கிட்டிருப்பீங்க.

வேவ் (WAV) ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வெச்சா மணிக்கு 520 எம்பி ஆகும். இடம் இருந்தா அதுவே நல்லது.

பழைய கேசட்ல ஆயா பாடின தாலாட்டோ கும்மியோ இருந்தா, முதல் வேலை மேல் விளிம்புல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைக்கறது. அப்புறம் யாரும் அதுமேல பதிவு பண்ண முடியாது. சுருள்ல வெள்ளைப் பொடி தெரிஞ்சா பிளேயர்ல போடவே போடாதீங்க. அது பூஞ்சை. பிளேயர்ல டேப்பைத் தொட்டுப் படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். நல்ல கேசட்டா இருந்தாலும் முழுசா ஒரு தடவை முன்னாடி ஓட்டி, ரிவைண்ட் பண்ணிட்டுத்தான் பிளே. வருஷக்கணக்கா இறுகிக் கிடந்த சுத்து அப்பதான் தளரும். சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா கேசட் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்கற சின்னத் திருகை இழையளவு திருப்பினா 'ச', 'ஸ' எல்லாம் தெளிவா விழும். லேப்டாப்போட மைக் ஓட்டையில சொருகாதீங்க, பெரும்பாலும் மோனோதான், அதோட சத்தம் வெடிக்கும். லைன்-இன் இருக்கற யுஎஸ்பி அடாப்டர் வாங்கிக்கங்க.

ஹேவிளம்பி, குகை

தேதிதான் எல்லாரும் தப்பு பண்ற இடம். "ஹேவிளம்பி தை மாசம் கல்யாணம்"னு ஆயா சொன்னா அது 60 வருஷச் சுழற்சியில வர்ற தமிழ் வருஷப் பேர். ஹேவிளம்பி 1957லயும் வந்தது, 2017லயும் வந்தது. எதுன்னு வயசைப் பார்த்தே தெரியும். ஆனா தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவுல தொடங்குது. அதனால ஹேவிளம்பி தைன்னா 1957 இல்ல, 1958 ஜனவரி-பிப்ரவரி. இந்த ஒரு வருஷப் பிழை வம்ச மரத்துல ஏறிடுச்சுன்னா, மூத்த பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்த மாதிரி ஆயிடும்.

வருஷப் பேர் ஞாபகம் இல்லன்னா நடந்ததைச் சொல்லிக் கேளுங்க. மேட்டூர் அணை திறந்தது 1934. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். எம்ஜிஆர் செத்தது 1987 டிசம்பர். "நயா பைசா வந்தப்ப சின்னவன் நடக்கறானா, தவழறானா?"ன்னு கேட்டா டக்குனு பதில் வரும்.

குலதெய்வத்துக்குப் பேரு மட்டும் எழுதி வெச்சா பத்தாது. ஒரே பேர்ல பத்து ஊர்ல கோயில் இருக்கும். பஸ் எங்க இறங்கணும், எந்த ஏரிக்கரை, சாமி எந்தத் திசை பார்க்குது, பூசாரி எந்த வீட்டுக்காரர், பங்காளி எத்தனை வகையறா, வரி யார் வசூல் பண்றது, சைவப் படையலா கிடாயா, கிடான்னா வெட்டறது எந்தச் சாமி முன்னாடி, அப்ப அம்மனுக்குத் திரை போடுவாங்களா, எல்லாம் வேணும். ஆயாவோட பொறந்த வீட்டுக் குலதெய்வத்தையும் கேளுங்க. கல்யாணத்தோட அந்தச் சாமியை எழுதாம விட்டுடறோம், அது அநியாயம்.

வீட்டுல கன்னடமோ தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசறவங்க சாமிப் பாட்டைத் தமிழ் எழுத்துல எழுதறப்ப 'ப'வுக்கு நாலு உச்சரிப்பு (pa, pha, ba, bha) வந்து குழப்பும். பழைய மந்திரப் புத்தகங்கள்ல ப, ப², ப³, ப⁴ன்னு எண் போட்ட மாதிரி போட்டுக்கலாம். ஒலிப்பதிவுதான் மூலம், எழுத்து துணைக்குத்தான்.

மலைக்காப்பி, ஏற்காடு

கீழ சேலத்துல இருக்கறவங்களுக்கு எங்க ஈரம் புரியாது. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இங்க பீரோவுக்குள்ளயே பூசணம் பூக்கும். ஆல்பம், ஜெபப் புத்தகம், பைபிள் எதையும் வெளிச்சுவர் ஒட்டின பீரோவுல, அதுவும் அடித்தட்டுல வைக்காதீங்க. சுவருக்கும் பீரோவுக்கும் நாலு விரக்கடை விடுங்க. சிலிக்கா ஜெல் வாங்கினா நிறம் மாறற ரகமாப் பாருங்க. ஆரஞ்சு பச்சையாச்சுன்னா ஈரம் நிறைஞ்சிடுச்சு, ஓவன் அடுப்புல 120 டிகிரியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெச்சா மறுபடி ஆகும். பச்சை வேப்பிலை வேண்டாம், அதுவே ஈரம். வசம்பைத் துணியில முடிஞ்சு வைக்கலாம். அந்துருண்டை போட்டோ பக்கமே வரக்கூடாது.

அம்மாயிங்க (அம்மாவைப் பெத்த பாட்டிங்க) பைபிள் முதல் பக்கத்துல பொறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க. அதை ஸ்கேனர்ல கவுத்து அமுக்கினா முதுகு பிளந்துடும். ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சு 90 டிகிரி மட்டும் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க. உள்ள இருக்கற ஜெபச்சீட்டு, காய்ஞ்ச குருத்தோலை எந்தப் பக்கத்துல இருந்ததோ அந்தப் பக்க எண்ணை எழுதாம எடுக்காதீங்க. எந்த வசனத்துல வெச்சாங்கங்கறதுதான் அங்க சேதி.

பிரேம் கண்ணாடியில ஒட்டிப்போன போட்டோவைப் பிச்சு எடுக்கறது கொலை. முகம் கண்ணாடியோட போயிடும். கண்ணாடியோடவே படம் எடுங்க. கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி பிடிச்சா பிரதிபலிப்பு விழாது. மெல்லிசு ஸ்கேனர்ல கண்ணாடியோட வெச்சா மங்கலாத்தான் வரும். தனிப் போட்டோவை ஸ்கேன் பண்ண 600 டிபிஐ போதும். பின்னாடி பேர் எழுத மெத்துனு பென்சில், பால்பாயின்ட் வேண்டாம். லேமினேஷன் கடைக்கு மட்டும் போயிடாதீங்க, அது திரும்பி வராத வழி.

டேப்புக்காரன், செவ்வாய்ப்பேட்டை

ஒண்ணு விட்டுட்டேன். வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்களுக்குப் படமா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமென்டா அனுப்புங்க. மூணு நகல் வேணும், அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும். பென்டிரைவை நகல்னு கணக்குல சேர்க்காதீங்க. ஃபைல் பேர்ல வருஷம் முதல்ல: 1958-01_ஆயா_கல்யாணம்.

ஆடிக்கூழ், அம்மாபேட்டை

"இது வெளிய சொல்றதில்ல"ன்னு ஆயா சொன்னா பதிவை நிறுத்திடுங்க. சில நேர்த்திக்கடன் அப்படி இருக்கும். நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சா மத்ததைத் தாராளமாச் சொல்வாங்க.

பித்தளைப் பாத்திரத்தையும் பாருங்க. சீர் பானை, குத்துவிளக்கு, தாம்பாளத்துல கொடுத்தவங்க பேரும் தேதியும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மழுங்கியிருந்தா, கொஞ்சம் திருநீறை எழுத்து மேல தடவி, துணியால மேலாப்புல துடைச்சிடுங்க. பள்ளத்துல தங்கின வெள்ளை எழுத்தைக் காட்டும். இன்னும் தெரியலன்னா விளக்கை அணைச்சுட்டு, போன் டார்ச்சைப் பாத்திரத்துக்குப் பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிங்க.