ரெண்டு வயசு வாண்டோட ஃபால் கிராஃப்ட்: செய்றது பூரா நான்தான், அவன் வேடிக்கை கூட பாக்க மாட்டேங்கிறான்

கோவைக்காரி:

எல்லாருக்கும் ஹலோ. கனடால மிசிசாகால இருக்கோம், எங்களுக்கு இது ரெண்டாவது ஃபால், அதான் இந்த இலை உதிர்ற சீசன். போன வருஷம் பையன் அப்பதான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்க ஆரம்பிச்சிருந்தான், இலை கலர் மாறுச்சா கொட்டுச்சான்னு கூட நான் பாக்கல. இப்ப ரெண்டே கால் வயசு. வெளிய போனா ஒவ்வொரு இலையா குனிஞ்சு எடுத்து "அம்மா இந்தா, அம்மா இந்தா"ன்னு குடுத்துட்டே வர்றான், ஜாக்கெட் பாக்கெட், ஸ்ட்ரோலர் அடி எல்லாம் இலைதான்.

சரி இவ்ளோ ஆசையா இருக்கானேன்னு ரீல்ஸ்ல பாத்து ஒரு ஆந்தை செய்ய உக்காந்தேன். டாய்லெட் பேப்பர் ரோல்ல உடம்பு, இலைல றெக்கை, கடைல விக்கிற ஆடுற கண்ணு ரெண்டு. ராத்திரி அவன் தூங்குனதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து எல்லாம் வெட்டி வச்சேன். காலைல குடுத்தா க்ளூ ஸ்டிக்கை கடிக்கிறான், ஒரு கண்ணை வாயில போட்டுட்டான் நான் பதறிப்போய் விரல விட்டு எடுத்தேன், அவ்ளோதான், மொத்தம் நாலு நிமிஷம், எந்திரிச்சுப் போய் கிச்சன்ல பாத்திரத்தை எல்லாம் இழுத்துப் போட்டு தட்ட ஆரம்பிச்சாச்சு. ஆந்தையை நான்தான் முடிச்சேன். வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு "நல்லா வந்திருக்கே, நாளைக்கு மிஸ் உனக்கு ஸ்டார் போடுவாங்க"ங்கிறார்.

இந்த வயசுக்கு உண்மையிலயே என்ன செட் ஆகும்னு அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. அபார்ட்மெண்ட், பாதி வீடு கார்பெட், அதனால பெயிண்ட்னா எனக்கு பயம். கொண்டு வர்ற இலை மறுநாளே சுருண்டு அப்பளம் மாதிரி நொறுங்குது, அதுக்கு என்ன பண்றது? அப்புறம் கோபியிலிருந்து அத்தை வந்திருக்காங்க, குளிருக்கு பயந்து வீட்டுக்குள்ளயே இருக்காங்க, பேரனோட சேந்து அவங்களும் ஏதாவது செய்ற மாதிரி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.

வடலி:

தங்கச்சி, உது எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், கவலைப்படாதேங்கோ. நான் ஸ்கார்பரோவில வீட்டோட சின்னதா ஒரு டேகேர் நடத்திறன், இப்ப அஞ்சு பிள்ளையள், ரெண்டு பேருக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகேல்லை. ஆந்தை, முள்ளம்பன்றி எல்லாம் நாலு அஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு. ரெண்டு வயசில அவைக்குத் தெரிஞ்ச வேலை நாலுதான்: பொறுக்கிறது, ஒட்டுறது, உரிக்கிறது, கிழிக்கிறது. அந்த நாலுக்குள்ள எது வருதோ அதை மட்டும் குடுங்கோ, அவன் தன்ர பாட்டில இருப்பான்.

டொலர் கடையில கொன்டாக்ட் பேப்பர் எண்டு ஒரு ரோல் விக்கும், ட்ரான்ஸ்பேரன்டா, ஒரு பக்கம் பசையோட, அலுமாரித் தட்டுக்கு ஒட்டுறது. அதில ஒரு ரெண்டடி வெட்டி, பசைப் பக்கம் வெளிய இருக்கிற மாதிரி ஜன்னல் கண்ணாடியில நாலு மூலைக்கும் டேப் போட்டு, அவன்ர நெஞ்சு உயரத்துக்கு ஒட்டிவிடுங்கோ. பக்கத்தில ஒரு சட்டியில இலை. ஒண்டும் சொல்லவே தேவையில்லை, தானா வந்து ஒட்டுவான், பிறகு உரிப்பான், திரும்பி ஒட்டுவான். பசை கையில வராது, கார்பெட்டில வராது. பின்னேரம் வெயில் அந்த இலைக்குள்ளால வரேக்க எவ்வளவு வடிவு எண்டு பாருங்கோ. அவனுக்கு அலுத்தாப்பிறகு மேல இன்னொரு ஷீட் ஒட்டி மூடிவிட்டா கன நாளைக்கு நிக்கும்.

இலை சுருளுறது ஹீட்டர் போட்ட வீட்டுக் காத்து காய்ஞ்சு கிடக்கிறதாலதான். கொண்டு வந்த கையோட நியூஸ்பேப்பருக்கு நடுவில விரிச்சு வைச்சு மேல அரிசி மூட்டையைத் தூக்கி வையுங்கோ, 20 பவுண்ட் பை எல்லார் வீட்டிலயும் இருக்கும்தானே. ஜன்னலில ஒட்ட ஒரு இரவு காணும், நல்லாக் காய்ஞ்சு தட்டையா வேணுமெண்டா ஒரு கிழமை. ஈரமான இலையெண்டா நடுவில பேப்பரை மாத்துங்கோ, இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும்.

முக்கியமா ரெண்டு விஷயம். இலை பொறுக்கப் போகேக்க மூண்டு மூண்டு இலையா ஒரு காம்பில நிக்கிற செடியைத் தொட விடாதேங்கோ, பாய்சன் ஐவி, ஃபோலில அதுதான் எல்லாத்தையும் விட வடிவாச் சிவந்து நிக்கும், பிள்ளை நேர அதுக்குத்தான் போகும். தொட்டா அரிச்சுக் கொப்புளம் போடும். மரத்துக்குக் கீழ விழுந்து கிடக்கிற மேப்பிள் இலை போதும். மற்றது உண்ணி. குளிர் வந்திட்டுதே இனி பூச்சி இல்லை எண்டு நினைக்கிறம், ஆனா 4 டிகிரிக்கு மேல இருந்தா அதுகள் திரியும். ரூஜ் பார்க் மாதிரி காட்டுப் பக்கம் போய் இலைக் குவியலுக்குள்ள உருண்டு போட்டு வந்தா காதுக்குப் பின்னால, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருக்காப் பாருங்கோ.

ரெண்டுவாலு:

லண்டன் ஹாரோல இருந்து ஒரு அப்பா, ட்வின்ஸ், ரெண்டும் இப்ப மூணு வயசு, பேருக்கேத்த மாதிரி ரெண்டு வாலு. பெயிண்ட் வேணாம்னு சொன்னீங்கள்ல, எங்க வீட்டுல ஓடுன ஒரு ஐட்டம் சொல்றேன், பெயிண்டே இல்ல, மஞ்சத்தூள்.

ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் எடுத்து அரை டம்ளர் தண்ணில கலந்துக்குங்க. வெள்ளை காஃபி ஃபில்டர் பேப்பரை இலை மாதிரி சுமாரா வெட்டிக்குங்க, வெட்டாட்டியும் பரவால்ல. பசங்க பிரஷ்ஷை முக்கி அடிக்கட்டும், எல்லாம் மஞ்சளாகும். காய வச்சுட்டு இன்னொரு கிண்ணத்துல ஆப்ப சோடா கலந்த தண்ணி குடுங்க. அதைத் தொட்டு வச்ச இடம் எல்லாம் அப்படியே செவக்கும். ஆரத்தி கரைக்கிறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டதும் செவக்குமே அதே கதைதான், வெள்ளைச் சட்டைல சாம்பார் கறை சோப்பு பட்டா செவக்குதே அதுவும் இதேதான். சுண்ணாம்பு மட்டும் குடுத்துடாதீங்க, கண்ணுல பட்டா புண்ணாக்கிடும், சோடா போதும். மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்புன்னு நிஜ ஃபால் கலர் வரும், எங்க பெரியவ "மேஜிக் மேஜிக்"னு ரெண்டு நாள் அலறிட்டு இருந்தா.

கறை பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன். கார்பெட்ல பட்டா போகாது. நாங்க பாத்டப்புக்குள்ள ரெண்டு பேரையும் டயப்பரோட உக்கார வச்சு செஞ்சோம், முடிஞ்சதும் அப்படியே ஷவரைத் திறந்து விட்டாச்சு.

இலை ஏன் கலர் மாறுதுன்னு நம்மளையே கேப்பாங்க, இப்ப இல்லன்னாலும் அடுத்த வருஷம். பகல் குறைய குறைய மரம் பச்சை சத்தை புதுசா பண்றதை நிறுத்திடும், இருக்கிற பச்சையும் கரைஞ்சு போயிடும், அப்ப உள்ள முதல்லருந்தே ஒளிஞ்சிருந்த மஞ்சள் வெளிய தெரியும். சிவப்பு அப்படி இல்ல, அதை இலை அந்த சீசன்லதான் புதுசா பண்ணுது, பகல்ல நல்ல வெயில் ராத்திரில குளிர்னு இருந்தா செவப்பு தூக்கலா இருக்கும். என் பசங்களுக்கு நான் சொன்னது "பச்சை தூங்கப் போயிடுச்சு". போதும்.

இன்னொண்ணு, வேலை கம்மியானது: பைன் கோன், அதான் பைன் மரத்துக் காய். வெதுவெதுப்பான தண்ணில போட்டு வச்சா கொஞ்ச நேரத்துல இதழ் எல்லாம் மூடிக்கும், எடுத்து ஹீட்டர் பக்கம் வச்சா மறுநாள் விரியும். இதுல கிராஃப்ட்னு ஒண்ணும் இல்லதான், ஆனா என் பையன் ஒரு வாரம் தினமும் காலைல எந்திரிச்சதும் ஓடிப் போய் அதைத்தான் பாத்தான்.

கோவைக்காரி:

அய்யோ ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். மஞ்சள் ஐடியா அத்தைகிட்ட சொன்னேன், "அத எனக்கே தெரியுமே, அதுக்கு கம்ப்யூட்டர்ல கேக்கோணுமா"ன்னாங்க 😄. ஒரு டவுட், இவனுக்கு ஏகார்ன்னா, அதான் ஓக் மரத்துக் கொட்டை, உயிர், ஒரு டப்பா நிறைய பொறுக்கி வச்சிருந்தான், ஒரு வாரம் கழிச்சு திறந்தா உள்ள வெள்ளை வெள்ளையா புழு நெளியுது. தூக்கிப் போட்டேன், ஒரே அழுகை. அதை எப்படி வச்சுக்கிறது?

வடலி:

அது கொட்டைக்குள்ள வண்டு முட்டை இட்டு வாற புழு, மனுசருக்கு ஒண்டும் செய்யாது. கழுவித் துடைச்சு ட்ரேயில பரப்பி கேக் சுடுற அவனில ஆகக் குறைஞ்ச சூட்டில, 90 டிகிரி செல்சியஸ் கிட்ட, ஒரு மணித்தியாலம் வைச்சா சரி, பக்கத்திலயே நிண்டு இடைக்கிடை பிரட்டி விடுங்கோ. ஓட்டை இருக்கிறதை முதலே எறிஞ்சுடுங்கோ.

ஆனா ரெண்டே கால் வயசுக்கு நான் ஏகார்ன் கையில குடுக்க மாட்டன். உங்கட அந்த டாய்லெட் பேப்பர் ரோல் இருக்குதெல்லோ, அதுக்குள்ளால விழுற சாமான் எதுவும் மூண்டு வயசு வரைக்கும் தனிய விளையாடக் குடுக்கிறேல்லை, எங்கட வீட்டுச் சட்டம் அது. ஏகார்ன், ஆடுற கண், மணி எல்லாம் அதில விழும். மூடி இறுக்கின தெளிவான பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள போட்டு, மூடியைச் சுத்தி டேப் ஒட்டிக் குடுங்கோ, கிலுக்கட்டான். சட்டி தட்டுற பிள்ளைதானே, அவனுக்கு உது நல்லாப் பிடிக்கும்.

ரெண்டுவாலு:

+1. இங்க கான்கர்னு ஒண்ணு, குதிரைச் செஸ்ட்நட் மரத்துக்காய், பளபளன்னு பிரவுன் கலர்ல பாத்தாலே வாயில போடத் தோணும். அது விஷம், நாம தின்ற செஸ்ட்நட் வேற. ரோட்டோரம் அந்த மரம் வச்சிருந்தா உங்க ஊர்லயும் கெடைக்கும், பாத்துக்குங்க.

மொட்டைமாடி_பாட்டி:

கண்ணு, நான் மதுரை. பொண்ணு வீட்டுக்கு ரெண்டு தடவை அமெரிக்கா போய் ஆறு ஆறு மாசம் இருந்துட்டு வந்தவ, அதனால உங்க அத்தை நெலமை எனக்கு நல்லாவே தெரியும். டிவியும் ஜன்னலுமா எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கிறது.

அவங்கள தோரணம் கட்டச் சொல்லு. மாவிலைக்கு எங்க போறது அங்க, மேப்பிள் இலையிலதான் நான் கட்டுனேன். காம்பு நீளமா இருக்கிற இலையா பாத்து எடுத்து, காம்பை நூல் மேல மடிச்சு, பூ கட்டுற மாதிரி ஒரு முடிச்சு போட்டா நிக்கும். புள்ளைக்கு என்ன வேலைன்னா ஒவ்வொரு இலையா எடுத்துக் குடுக்கணும், "செவப்பு குடு, மஞ்ச குடு"ன்னு கேக்கணும். அதான் உன் பையன் ஏற்கனவே "இந்தா இந்தா"ன்னு குடுக்குறானே, பாதி வேலை முடிஞ்சுச்சு. என் பேத்தி அப்படித்தான் கலர் பேரே கத்துக்கிட்டா. நவராத்திரிக்கு கொலு முன்னாடி கட்டுனோம், மறுபடி தீபாவளிக்கு ஒண்ணு.

வெண்டக்காய் காம்புப் பக்கம் தடியா இருக்குல்ல, அதை குறுக்க வெட்டி கலர்ல தொட்டு வச்சா பூ மாதிரி அச்சு விழும். ஆப்பிளை நெட்டுக்கு ரெண்டா வெட்டி ஆரஞ்சு கலர்ல வச்சா பூசணிக்காய்.

சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஒரு உருண்டை தனியா எடுத்து தட்டையா தட்டி, இலையோட அடிப்பக்கம் மாவுல படுற மாதிரி வச்சு புள்ளைய கையால அமுக்கச் சொல்லு. எடுத்தா நரம்பெல்லாம் அப்படியே பதிஞ்சிருக்கும். வாயில வச்சாலும் பயமில்ல.

இந்த ஊர்ல ஃபால் எங்க இருக்குன்னு கேப்பீங்க. எங்க தெருவுல வாதாம் மரம் இருக்கு, தை மாசிவாக்குல பாத்தா இலை பூரா ரத்தமா செவந்து கொட்டும். அந்தப் பெரிய இலையைத்தான் இங்க இருக்கிற பேரன் முகமூடின்னு ரெண்டு ஓட்டை போட்டு வச்சுக்கிட்டு திரிவான்.

வடலி:

பாட்டி, தோரணம் நல்ல யோசினை, நானும் இந்தமுறை டேகேர் கதவில கட்டப்போறன். ஒண்டு மட்டும், பச்சை மாவை வாயில வைக்க விடாதேங்கோ. அவிக்காத கோதுமை மாவில கிருமி இருந்து இங்க கடையளில இருந்து பை பையா மாவைத் திருப்பி எடுத்திருக்கினம். மாவை உப்பு, எண்ணெய், தண்ணி விட்டு அடுப்பில கிண்டி ஆறவைச்சுச் செய்தா பரவாயில்லை, கன நாள் பழுதாகாது, அதுவும் தின்னக் குடுக்கிறதுக்கில்லை.

மொட்டைமாடி_பாட்டி:

நாங்க நாலு புள்ளையும் மாவு தின்னுதான் வளந்தோம். இருந்தாலும் நீ சொல்றது சரிதான், ஊருக்கு ஊரு வேற.

சும்மா_ஒருத்தன்:

இதெல்லாம் எதுக்குங்க, இலைக் குவியல்ல தூக்கிப் போட்டா ஒரு மணி நேரம் அவனே விளையாடுவான். கிராஃப்ட்னு பேர் வச்சு அம்மாக்கள் தங்களையே டென்ஷன் பண்ணிக்கிறாங்க.

ரெண்டுவாலு:

@சும்மா_ஒருத்தன் பாதி ஒத்துக்கறேன் ப்ரோ. ஆனா அக்டோபர் கடைசில நாலு நாள் விடாம மழை பேஞ்சு, ரெண்டும் சோபா மேல ஏறி குதிச்சிட்டு இருக்கும்போது வந்து இதே கமெண்ட்டை போடுங்க பாப்போம்.

கோவைக்காரி:

ரெண்டு வாரம் கழிச்சு அப்டேட். கான்டாக்ட் பேப்பர் சூப்பர் ஹிட். முதல் நாள் 25 நிமிஷம் ஒட்டிட்டே இருந்தான், நான் டைம் பாத்தேன், சூடா ஒரு காபி முழுசா குடிச்சேன். இலை மட்டும் இல்ல, அவன் சாக்ஸ், பஸ் டிக்கெட், அத்தையோட மாத்திரை அட்டை (காலி அட்டைதான்), எல்லாம் இப்ப ஜன்னல்ல ஒட்டியிருக்கு.

மஞ்சள் கிராஃப்ட் பாத்டப்லயே செஞ்சோம். டப் தப்பிச்சுது, அத்தையோட சேலை முந்தானை தப்பிக்கல, சோடா தண்ணி தெளிச்சதும் அதுவும் அங்கங்க செவந்துருச்சு. அவங்க சிரிச்சுட்டே "மங்களமா இருக்கட்டும்"னுட்டாங்க.

தோரணம் தீபாவளிக்கு வாசக்கதவுல கட்டுனோம், அத்தை கட்ட இவன் எடுத்துக் குடுக்க. மூணு நாள்ல எல்லாம் சுருண்டுருச்சு, அரிசி மூட்டைக்கு அடியில வைக்காம பச்சையாவே கட்டிட்டோம், அடுத்த தடவைக்கு இப்பவே 40 இலை மூட்டைக்கு அடியில இருக்கு. எதிர் வீட்டு பாட்டி, போலந்துக்காரங்க, நின்னு பாத்துட்டு எப்படி கட்டுனீங்கன்னு சைகைல கேட்டாங்க, அத்தையும் சைகைலயே அரை மணி நேரம் காரிடார்ல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. இப்ப அவங்க கதவுலயும் ஒண்ணு தொங்குது.

அப்புறம் அந்த ஆந்தை. ஷெல்ஃப் மேல வச்சிருந்தேன், நேத்து இவனே சேர் போட்டு ஏறி எடுத்துட்டான். கண்ணை மட்டும் நான் முதல்லயே பிடுங்கி வச்சுட்டேன். றெக்கை, மூக்கு, காலுன்னு ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்து, ரோலை சுருள் சுருளா கிழிச்சு, இருபது நிமிஷம் அசையாம உக்காந்திருந்தான்.